பூண்டும் ஜைத்தூன் எண்ணெயும்

என்னங்க, ஸலாம்.

இன்று பாஸ்தா செய்தேன். கப்பலில் சமையல்வேலை இல்லாத நாளில் உங்களுக்கென்று செய்துகொள்வதாகச் சொல்வீர்களே, வெறும் பூண்டும், நீங்கள் ஆலிவ் ஆயில் என்னும் ஜைத்தூன் எண்ணெயும் போட்டு, அதுதான். பாஸ்தா தண்டையார்பேட்டைக் கடையில் கிடைத்தது. மற்ற இரண்டும் வீட்டில் சும்மாதான் இருந்தன.

பூண்டு, பிரசவத்துக்கென்று மாமி வாங்கிக் கட்டித் தொங்கவிட்டது. நான் உரிப்பதைப் பார்த்து எதிர்வீட்டு ராஜாத்தி அக்கா ஓடிவந்தார்.

"இன்னாம்மா பண்ற? இப்போ போய் பூண்டு துன்னா பால் சொரக்கும். அப்பறம் குடிக்க ஆளில்லாம கட்டிக்கினு வலிக்கும்."

நான் நிறுத்தவில்லை. பிறகு உட்கார்ந்து மீதியை அவரே உரித்துக் கொடுத்தார்.

எண்ணெயை லேசாகக் காயவைத்தேன். பூண்டு சிவக்கும் முன்னே வரமிளகாயைக் கிள்ளிப் போட்டேன். பாஸ்தாவைப் போட்டு, அது வெந்த தண்ணீரில் ஒரு கரண்டி ஊற்றிக் கிளறினேன். நன்றாகத்தான் வந்திருந்தது. உப்பு மட்டும் கொஞ்சம் கம்மி.

போன வாரம் போனில், "நீயும் வவுத்துல கீற புள்ளையும் நல்லா கீறீங்களா?" என்று கேட்டீர்கள். "நடுக்கடல்ல கீற எம்புள்ளகிட்ட இப்போ ஒண்ணும் சொல்லாத" என்று மாமி முன்பே சொல்லியிருந்தார். அதனால் "ம்" என்றேன்.

குழந்தைக்குத் தேய்த்துக் குளிப்பாட்டக் கப்பல் நிற்கும் ஊரில் ஜைத்தூன் எண்ணெய் வாங்கி வருவதாகச் சொன்னீர்கள். வேண்டாம். அதற்கென்று இங்கே வாங்கிவைத்த பாட்டிலைத்தான் இன்று சமையலுக்கு உடைத்தேன்.

இப்படிக்கு,
நான் மட்டும்.