இரண்டாவது பட்டன்

மண்ணூர்பேட்டை,
வெள்ளிக்கிழமை.

அன்புள்ள கனிமொழிக்கு,

நலம்தானே? டொரண்டோவில் குளிர் விட்டதா? இங்கே என் மகள் கவிப்பிரியா இரண்டாம் வகுப்புக்குப் போய்விட்டாள். வாய் மட்டும் கல்லூரிக்குப் போகிறது. போனில் பேசினால் அழுதுவிடுவேன், அதனால்தான் இந்த மெயில்.

தகடு வெட்டும் பிரஸ் மெஷினுக்கு நம் கம்பெனி செய்யும் கன்ட்ரோல் போர்டுக்காக நீ எழுதிய புரோகிராம் மொழியில் எல்லா எண்ணுக்கும் நினைவகத்தில் ஒரே அளவாகப் பெரிய இடம் கொடுத்திருந்தாய். இடம் வீண்தான், ஆனால் வேகம். இப்போது நம் முதலாளி சிவராமன் சார் விலை குறைந்த சிப் வாங்கிவிட்டார். அதில் நினைவகம் கொஞ்சம். அதனால் சின்ன எண்ணைச் சின்ன இடத்தில் அடைத்து, பெரிதானால் இடம் மாற்றுகிறோம். நினைவகம் நன்றாகவே மிச்சம். ஆனால் ஒவ்வொரு கணக்குக்கும் முன்னால் இது எந்த அளவு என்று பார்க்க வேண்டியிருக்கிறது. அதனால், பிரஸ்ஸுக்கு முன்னால் ஒளிக்கதிர் பாய்ச்சும் லைட் கர்ட்டன், கை குறுக்கே போனதைக் கண்டுபிடித்த பிறகும் பிரஸ் நிற்கத் தாமதமாகிறது. கண் இமைக்கும் நேரம்தான். மேலிருந்து இறங்கும் இரும்புக்கு அது போதும்.

சாரிடம் சொன்னேன். "ரெண்டு கையும் ரெண்டு பட்டன்ல இருந்தாத்தானேம்மா மெஷினே ஓடும்? அப்புறம் கை எப்படி உள்ள போகும்?" என்று சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பதில் தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு வந்தேன்.

அந்தப் பதில் என் வீட்டில்தான் இருக்கிறது. நம் போர்டை வாங்கும் எதிர்வரிசைக் கம்பெனியில் பிரஸ் ஓட்டும் என் வீட்டுக்காரர் கோவிந்தன், ஒரு பட்டனில் மரக்கட்டையைச் செருகி வைத்துவிட்டு, அந்தக் கையால் தகட்டை நேர்செய்கிறார். அங்கே எல்லாரும் அப்படித்தான். கேட்டால், "பீஸ் ரேட்டுல, எண்ணிக்கைக்குத்தானே கூலி, வேற இன்னா பண்றது? அதான் லைட்டு நிறுத்துதே, நீ செஞ்சதுதானே" என்கிறார். என்மேல் அவ்வளவு நம்பிக்கை! சாரிடம் இதைச் சொன்னால் அவர் அந்தக் கம்பெனிக்குச் சொல்லிவிடுவார், முதலில் போவது கோவிந்தன் வேலைதான். திங்கட்கிழமை புது போர்டை மாட்டப்போவதும் கோவிந்தன் மெஷினில்தான். கட்டையை எடுத்துவிடுங்கள் என்று நேற்று கெஞ்சினேன். சரி என்றார். போன வருஷமும் சரி என்றுதான் சொன்னார்.

லைட் கர்ட்டனைப் பார்க்கும் எண்களை மட்டும் பழையபடி பெரிய இடத்திலேயே விடச் சொல்லி சாருக்கு எழுது. மற்றதையெல்லாம் அடைத்துக்கொள்ளட்டும். கொஞ்சம் பெரிய சிப் வாங்க வேண்டிவரும், முகம் சுளிப்பார். நீ சொன்னால் கேட்பார். பட்டனைப் பற்றி மட்டும் எழுதிவிடாதே.

கவிப்பிரியாவுக்குத் தினமும் ரெட்டைப் பின்னல் போடுவது கோவிந்தன்தான். எனக்கு வகிடு நேராக வராதாம். என்னிடம் தலையையே கொடுக்க மாட்டாள். திங்கட்கிழமையும் பின்னிவிட்டுத்தான் கிளம்புவார். அதற்குள் எழுதிவிடு, கனி. நீ நன்றாக இருப்பாய்.

உன்னையே நம்பியிருக்கும்,
சுதா