சித்தப்பா தேடிய குறை

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. உடம்பைப் பொறுத்தவரை நானும் அம்மாவும் இங்கே சுகம்தான், அங்கே நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும் என்பதே எங்கள் நினைப்பெல்லாம். உடம்பைப் பொறுத்தவரை என்று எழுதியிருப்பதைப் பார்த்துப் பதறாதே, மனசு மட்டும் கொஞ்சம் குழம்பிக் கிடக்கிறது, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் என்ன என்பாய். இந்த வாரம் மூன்று முறை போன் போட்டேன், நீ "சொல்லுங்கப்பா" என்றதும் மூன்று முறையும் அம்மாவின் முழங்காலைப் பற்றியும் குளியலறைக் குழாயைப் பற்றியும் பேசிவிட்டு வைத்துவிட்டேன். அதனால் கையால் எழுதிப் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து அனுப்புகிறேன், மேலே எண் போட்டிருக்கிறேன், முன்பின்னாக வந்தால் அடுக்கிக்கொள்.

முழங்கால் பரவாயில்லை. தினமும் கட்டடத்தைச் சுற்றி எட்டு சுற்று நடக்கிறாள், நான் ஜன்னலில் நின்று எண்ண வேண்டும், ஒரு சுற்று குறைத்துச் சொல்லிவிட்டால் அன்றைக்கு எனக்குக் காப்பி தாமதம். குழாய்க்காரர் வந்து பார்த்துவிட்டு "இந்தக் குழாய்க்கு என்னைவிட வயசு ஜாஸ்தி சார், மரியாதையா கழட்டி வெச்சிடுங்க" என்றார், அம்மா "அப்ப இவரையும் கழட்டி வெச்சிடலாமா" என்று என்னைக் காட்டினாள், இருவரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதுதான் மாப்பிள்ளையின் போன் வந்தது. "மாமா, அவ பத்து நாளா லீவு போட்டுட்டு ஒரே நாற்காலியில உக்காந்திருக்கா, சாப்பிடக் கூப்பிட்டா இதோ வரேங்கறா, தட்டு அப்படியே ஆறிக் கெடக்கு, நான் சொன்னா கேக்க மாட்டேங்கறா" என்றார். சித்தப்பா பாதியில் விட்டுப் போன கடைசி வேலையை நீயும் உன் இரண்டு தோழிகளும் முடித்துத் தரப் போகிறீர்கள் என்றும், அதுதான் அவருக்கு நீங்கள் செய்யும் மரியாதை என்றும் சொன்னார். எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. ஏன் என்று இனிமேல் சொல்கிறேன்.

சித்தப்பா என்று நீங்கள் எல்லாரும் அழைக்கும் அந்த மனிதரை நான் பார்த்ததில்லை, ஆனால் எனக்குத் தெரியும். நீ வேலையில் சேர்ந்த புதிதில் எழுதி அனுப்பிய முதல் பத்து வரிக் கம்ப்யூட்டர் நிரலை வரிவரியாகத் திருத்தி, கடைசியில் உனக்கே நன்றியும் சொன்னவர் என்று எத்தனை முறை சொல்லியிருக்கிறாய். நூலகங்களுக்கான பட்டியல் மென்பொருளை இருபது வருஷத்துக்கு முன் தனியாக உட்கார்ந்து எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள், பிரித்துப் பாருங்கள், திருத்துங்கள் என்று பொதுவில் வைத்தவர். இந்தக் காலத்தில் இப்படி ஒரு மனிதரா என்று நான் அப்போது கேட்டேன், நீ "லூசுப்பா அவரு" என்று பெருமையாகச் சொன்னாய். அவர் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார் என்ற செய்தி வந்த வெள்ளிக்கிழமை நீ என்னிடம் பேசினாய், அழவில்லை, "ஒண்ணும் புரியலப்பா" என்று மட்டும் சொன்னாய். எனக்கும் அப்போது புரியவில்லை, இப்போதும் புரியவில்லை, ஆனால் அன்றைக்கு உன்னிடம் சொல்லாத ஒன்று என்னிடம் இருந்தது.

நான் வாரம் மூன்று நாள் கிளை நூலகத்துக்குப் போவது பேப்பர் படிக்க என்றுதான் நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். படிக்க மட்டும் இல்லை. ஒன்றரை வருஷமாக அங்கே புத்தகங்களைப் பட்டியலில் ஏற்றும் வேலையைச் சம்பளமில்லாமல் செய்துவருகிறேன், அங்கே இருப்பது சித்தப்பாவின் மென்பொருள்தான். முப்பத்தைந்து வருஷம் பட்டியல் அட்டை எழுதியவனுக்கு வேறு என்ன தெரியும். உன்னிடம் சொல்லாததற்குக் காரணம் பெரிதாக ஒன்றுமில்லை, என்ன தப்பு செய்வேனோ, மகள் பெயர் கெட்டுவிடுமோ என்ற பயம். அந்த மென்பொருளுக்கான உங்கள் இணையதளத்தில் ஏதாவது குறை கண்டால் எழுதலாம் என்று இருக்கிறதே, அங்கே நானும் எழுதினேன், சொந்தப் பெயரில் எழுதக் கூச்சமாக இருந்ததால் அட்டைப்பெட்டி என்று வைத்துக்கொண்டேன். ஆமாம் அம்மா, அந்த அட்டைப்பெட்டி நான்தான். வியாழக்கிழமைதோறும் காலையில் வந்து பார்த்தால் பட்டியலிலிருந்து இரண்டு மூன்று புத்தகங்கள் காணாமல் போகின்றன என்று எழுதியவன் நான். நீங்கள் மூன்று பேரும் பத்து நாளாகத் தேடிக்கொண்டிருப்பது நான் சொன்ன குறையைத்தான்.

ஏழு வாரத்தில் ஒன்பது முறை எழுதினேன். தேதி, நேரம், காணாமல் போன புத்தகங்களின் எண் எல்லாம் போட்டு வரிசையாக எழுதினேன், நான் அப்படித்தான் எழுதுவேன் என்று உனக்குத் தெரியும். நூலகப் பொறுப்பாளர் அம்மாள் "ஐயா, புத்தகம் அலமாரியில இருக்கு, கம்ப்யூட்டர்ல இல்ல, பேய் வந்து படிச்சிட்டுப் போகுதா" என்று கேட்டார், அதையும் எழுதினேன். சித்தப்பா ஒவ்வொன்றுக்கும் ஒரு மணி நேரத்துக்குள் பதில் போட்டார். உங்கள் பேய்க்கு நல்ல ரசனை இருக்கிறது, தேர்ந்தெடுத்துத்தான் தூக்குகிறது என்று ஒரு முறை எழுதினார். என்னைவிட இருபத்தைந்து வயது இளையவர், எல்லாரும் அழைக்கிறார்களே என்று நானும் அவரைச் சித்தப்பா என்றே அழைத்தேன், அவர் என்னை ஐயா என்றார், யாருக்கு யார் என்ன முறை என்றே தெரியாமல் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. கடைசியாக ஒரு ஞாயிற்றுக்கிழமை எழுதினார், "ஐயா, இன்னும் பிடிபடவில்லை, என் வேலையில்தான் எங்கேயோ தப்பு இருக்க வேண்டும், கண்டுபிடிக்காமல் விடமாட்டேன்" என்று. அந்த வாரம் வெள்ளிக்கிழமைதான் அந்தச் செய்தி.

அவர் கடைசியாகத் தொட்ட வேலை அது என்பதால் எல்லாரும் அந்தப் பக்கத்திலேயே வந்து எழுத ஆரம்பித்தார்கள். நான் பேயைப் பற்றி எழுதிய வரிக்குக் கீழே அறுநூறு பேர் அழுதிருக்கிறார்கள். "இன்னும் கொஞ்ச நேரத்துல பதில் போட்டுடுவீங்கன்னுதான் திறந்து வெச்சிருக்கேன் சித்தப்பா" என்று ஒருவர். "நாமதான் அதைச் சரி பண்ணு இதைச் சரி பண்ணுன்னு கேட்டுக் கேட்டே அவரைத் தீத்துட்டோம்" என்று ஒருவர், "வாயை மூடு, உனக்கு என்ன தெரியும்" என்று அவருக்கு இன்னொருவர், அப்புறம் அந்த இருவருமே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறார்கள். நான் தினமும் நூலகத்தில் உட்கார்ந்து அதைப் படித்தேன். கேட்டுக் கேட்டே என்று அந்த ஒருவர் சொன்னது ஒன்பது முறை எழுதிய என்னைத்தானோ என்று தோன்றும், உடனே அப்படி இருக்காது என்று தோன்றும், மறுபடி முதலிலிருந்து படிப்பேன்.

போன புதன்கிழமையும் அப்படித்தான் படித்துக்கொண்டிருந்தேன். மணி நாலாகிவிட்டது. புதன்கிழமை நாலு மணிக்குக் கம்ப்யூட்டரைத் துடைத்துவிட்டுத்தான் கிளம்புவேன், இரண்டு மாதத்துக்கு மேலாக அது என் வழக்கம். திரையை அணைத்தால்தான் கறுப்பில் தூசி நன்றாகத் தெரியும் என்பதால் முதலில் திரையை அணைத்துத் துடைப்பேன், பிறகு ஈரத்துணியால் கீபோர்டை. அன்றைக்கு மனசு சரியில்லாமல், அழுகைப் பக்கத்தை மூடிவிட்டுத் திரையை அணைக்க மறந்துபோனேன், பின்னால் பட்டியல் திறந்தபடி இருந்தது. துணியை இடமிருந்து வலமாக ஓட்டினேன். அழிக்கலாமா என்று கேட்கும் ஒரு சின்னப் பெட்டி திரையில் வந்தது, துணி இன்னும் கொஞ்சம் நகர்ந்தது, பெட்டி போய்விட்டது, பட்டியலில் ஒரு புத்தகமும் போய்விட்டது, கீழே இருந்த புத்தகம் மேலே ஏறி அந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டது. நான் அப்படியே நின்றேன். பிறகு, ஒரு முறை பார்த்ததை நம்பும் பழக்கம் எனக்கு இல்லை என்பதால், இன்னும் மூன்று முறை துடைத்துப் பார்த்தேன். இன்னும் இரண்டு புத்தகம் போயின. அழிக்கும் விசையையும் சம்மதம் சொல்லும் விசையையும் என் துணியே ஒன்றன்பின் ஒன்றாக அழுத்தியிருக்கிறது, ஏழு வாரமாக, இருட்டுத் திரைக்குப் பின்னால்.

பொறுப்பாளர் அம்மாளைக் கூப்பிட்டுக் காட்டினேன். வாயைப் பொத்திக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தார், பிறகு சட்டென்று நின்றுவிட்டார். "ஐயா, அந்த மனுஷன் இதையா தேடிட்டு இருந்தாரு" என்று கேட்டார். நான் துணியை மடித்து வைத்தேன். "யார்கிட்டயும் சொல்லாதீங்க, அத்தனை பேரு அழற எடத்துல போய்த் துணி தூசின்னு சொல்வீங்களா" என்றார். அது சரி என்றுதான் பட்டது. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன், "சொல்லித் தொலைங்க, உங்க பொண்ணு அங்க சோறு தண்ணி இல்லாம இல்லாததைத் தேடிட்டு இருக்கா" என்றாள். அதுவும் சரி என்றுதான் பட்டது. என்னால்தானோ அவர் போய்விட்டார் என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். "நாலு புத்தகம் காணோம்னு ஒருத்தர் போயிடுவாரா, அவருக்கு உள்ள என்ன வலியோ, யார் கண்டா, எல்லாம் என்னாலதான்னு நெனைக்கறதுக்குப் பேரு பயமில்ல, அகம்பாவம்" என்றாள். நாற்பத்தெட்டு வருஷத்தில் என்னை எத்தனையோ சொல்லியிருக்கிறாள், அகம்பாவம் என்று சொன்னது இதுதான் முதல் தடவை. நன்றாகவே உறைத்தது. ஆனாலும் அவருடைய கடைசி வாரத்தில் நான் இருந்திருக்கிறேன், அவர் செய்யாத தப்பைத் தன் தப்பு என்று நம்ப வைத்திருக்கிறேன், அதை என்ன செய்வது. அவருக்கு அது பாரமாக இருந்ததா, அல்லது பேய்க் கதை எழுதிய பத்து நிமிஷமாவது வேறு நினைப்பில் இருந்தாரா, இரண்டையும் மாற்றி மாற்றி யோசிக்கிறேன், இரண்டுக்கும் என்னிடம் ஆதாரம் இல்லை.

இதுவரை எழுதியது நேற்று. உன்னிடம் முதலில் சொல்லிவிட்டு, நீ என்ன சொல்கிறாயோ அதன்படி தளத்தில் எழுதலாம் என்று இருந்தேன். இன்றைக்குக் காலையில் அந்தப் பக்கத்தைப் பார்த்தால் நீ, அதாவது கத்தரிக்கோல், வேண்டாத வரியை எல்லாம் வெட்டுவதால் உனக்கு அங்கே அந்தப் பெயர் என்று எனக்குத் தெரியும், ஓர் அறிவிப்புப் போட்டிருந்தாய். குறை பிடிபடவில்லை என்பதால் அந்தப் பகுதி முழுவதையும் முதலிலிருந்து எழுதப் போகிறோம், இன்னும் மூன்று வாரம் ஆகும், தூக்கம் பிறகு என்று. மூன்று வாரம் என்பதைப் படித்ததும் எனக்குப் பொறுக்கவில்லை. குறை என்னுடையது, மென்பொருளில் இல்லை, ஈரத்துணி பட்டதால் அழிந்திருக்கிறது, அவர் தேடியது இல்லாத ஒன்றை, நீங்கள் தேடுவதும் அதையே, எல்லாரும் என்னை மன்னிக்க வேண்டும் என்று எழுதினேன். குறை அல்ல என்று குறித்துப் பக்கத்தை மூடும் பொத்தானை அழுத்தினேன். அழுத்திய பிறகு எல்லாரும் அழுதுகொண்டிருந்த அறையின் கதவைச் சாத்திவிட்டேனே என்று பயம் வந்தது.

நாற்பது நிமிஷத்தில் அந்தப் பக்கம் மறுபடி திறந்திருந்தது. திறந்தவள் நீ. அட்டைப்பெட்டி ஐயாவுக்கு என்று தொடங்கி எழுதியிருந்தாய். துணி பட்டால் புத்தகம் அழிகிற மாதிரி எழுதி வைத்தது எங்கள் தப்பு, தூசி துடைப்பது யாருடைய தப்பும் இல்லை, ஆகவே இது குறைதான் என்றாய். அது எனக்குச் சரியாகப் புரியவில்லை, என் தப்பைக்கூட என்னிடம் விட மாட்டேன் என்கிறீர்களே என்று இருந்தது. அதற்குக் கீழே இன்னொன்றும் எழுதியிருந்தாய். போன மாதம் சித்தப்பா பேச வேண்டும் என்று கூப்பிட்டபோது அடுத்த வாரம் பேசலாம் என்று சொன்னது நான்தான் ஐயா, பத்து நாளாக என் தலையில் வேறு எதுவும் ஓடவில்லை என்று. மகளே, அதை ஊர் பேர் தெரியாத ஒரு கிழவனிடம் சொல்லியிருக்கிறாய், என்னிடம் சொல்லவில்லை. கோபித்துக்கொள்ளவில்லை. நானும் உன்னிடம் சொல்லாமல் அறுநூறு பேரிடம்தானே முதலில் சொன்னேன். கடைசி வரியில், ஐயா இப்போது உங்கள் பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா, தனியாக உட்கார்ந்து இதை யோசிக்காதீர்கள் என்று கேட்டிருந்தாய்.

இருக்கிறார்கள் அம்மா. உன் அம்மா பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து நான் எழுதுவதை எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். இப்போது நான் உன்னைக் கேட்கிறேன், உன் பக்கத்தில் யார் இருக்கிறார்கள்? மாப்பிள்ளை அடுத்த அறையில் இருந்தால் அது கணக்கில் சேராது, பக்கத்தில் வந்து உட்காரச் சொல், அந்த அடுத்த வாரத்தைப் பற்றி அவரிடம் சொல், பிறகு எங்களிடம் சொல், அதையே தெரிந்தவர்களிடம், வேண்டுமென்றால் இதற்கென்று இருக்கிற டாக்டரிடமும், எத்தனை முறை வேண்டுமானாலும் சொல். அகம்பாவம் என்ற வார்த்தையை உனக்காக அம்மா திரும்பவும் எடுத்து வைத்திருக்கிறாள், அதையும் வாங்கிக்கொள். நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி இல்லாமல் நூறு வயது இருக்க வேண்டும் என்று இருவரும் மனதார வாழ்த்துகிறோம். இந்தப் பக்கத்தைப் படித்து முடித்ததும் முதலில் சாப்பிடு, உடனே கூப்பிடு, எந்த நேரமானாலும் சரி. எனக்கு என்ன பேசுவதென்று தெரியாமல் வெறுமனே இருந்தாலும் வைத்துவிடாதே, நான் கேட்டுக்கொண்டுதான் இருப்பேன்.

இப்படிக்கு,
உன் அப்பா