கொம்கூட்ஹைம் என்னும் ஊர்

பிளாக்டவுன், சிட்னி
வைகாசி 1976

அன்பு மகள் நாகேஸ்வரிக்கு,

அப்பா எழுதுகிறேன். நாங்கள் இங்கே சுகம், ஆனால் உனக்குக் கால் வீங்குகிறது என்று எழுதியிருந்தாயே, அதை வாசித்ததில் இருந்து என் மனம் சுகமாக இல்லை. இது அண்ணன் ஜெயரட்ணத்தின் கையெழுத்து அல்ல, என்னுடையது. அண்ணி யோகராணி குசினி மேசையில் என்னை இருத்தி அரிவரி படிப்பித்துவிட்டாள், மருமகளிடம் குட்டு வாங்காமலே பாஸாகிவிட்டேன். ஒரு வரி எழுத ஒரு தேத்தண்ணி ஆறிப்போகிறது, ஆனாலும் என்ன சந்தோஷம் தெரியுமா. கொம்பு, கால் விட்டுப்போயிருந்தால் நீயே போட்டு வாசி.

உன் கடிதத்தை இந்த முறை யாரிடமும் கொடுக்காமல் நானே வாசித்தேன். உன் மாமனார் வால்டரின் பாட்டனார் யோஹான், போன நூற்றாண்டில் ஜேர்மனியில் உருளைக்கிழங்கு அழுகிப் பஞ்சம் வந்தபோது தாயை விட்டுவிட்டுப் பாய்க்கப்பலில் அமெரிக்கா வந்தவர் என்றும், ஓரிகனில் மீன் பீப்பாய் செய்து பிழைத்து ஐரிஷ்காரியைக் கட்டி, வீட்டில் இங்கிலீஷ் மட்டுமே பேசினார் என்றும் எழுதியிருந்தாய். துறைமுகத்தில் தாய் கடைசியாகச் சொன்ன சொல் கொம்கூட்ஹைம், ஊரை மறக்காதே என்று ஊர்ப்பெயரைச் சொல்லி அனுப்பினாள் என்று யோஹானின் பிள்ளைகள் விளங்கிக்கொண்டார்கள். வால்டர் அதைப் பலகையில் செதுக்கி கேற்றில் மாட்டியிருக்கிறார், எந்த மேப்பிலும் அந்த ஊர் இல்லை, ஆகவே ஆடியில் மகன் றொபேட்டையும் உன்னையும் கூட்டிக்கொண்டு ஜேர்மனிக்கு நேரிலேயே தேடப் போகிறார். வயிற்றில் பிள்ளையோடு உனக்கு ஏன் மகளே இந்த அலைச்சல். அவரும் நெஞ்சு வருத்தக்காரர் அல்லவா.

நான் எழுத்துக் கூட்டித்தானே வாசிப்பேன். கொம், கூட், ஹைம் என்று மூன்றாக உடைத்துச் சத்தமாக வாசித்தேன். பக்கத்து வீட்டு ஜேர்மன் மனுசி ஹில்டா தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தவள், கோப்பையை வைத்துவிட்டு இன்னொருக்கால் வாசிக்கச் சொன்னாள். வாசித்தேன். சிரித்தாள், பிறகு கண்ணைத் துடைத்தாள். அவள் சொன்னதை யோகராணிதான் எனக்குச் சொன்னாள், மாமா, அது ஊரில்லையாம், வெளிக்கிடுற ஆக்களுக்குச் சொல்லுறதாம், நல்லபடியா வீடு வந்து சேர் எண்டு. அந்தத் தாய் மகனைத் திரும்பி வரச் சொல்லியிருக்கிறாள். யோஹான் திரும்பிப் போகவே இல்லை என்று நீ எழுதியிருந்தாய்.

ஆகவே டிக்கெட் எடுக்க முதல் இதை வால்டரிடம் சொல்லிவிடு. ஆட்களுக்கு முன்னால் சொல்லாதே, அவர் சாப்பிட்டு முடிந்து கதிரையில் இருக்கும்போது மெதுவாகச் சொல். மனம் உடைந்துபோவாரோ என்று பயமாகத்தான் இருக்கிறது, ஆனால் இல்லாத ஊரைத் தேடி நீங்கள் ஆஸ்பத்திரியில் கிடப்பதைவிட அது மேல். பலகையைக் கழற்ற வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல். கேற்றில் மாட்ட எந்த ஊர்ப்பெயரையும் விட அது பொருத்தம்.

பிறக்கப்போகிற பிள்ளையோடு இங்கிலீஷ் மட்டும் பேசுவது சுலபம் என்று எழுதியிருந்தாய். உன்னில் குறை சொல்ல மாட்டேன், தமிழ் எழுத எனக்கே எழுபது வயதானது. ஆனால் கட்டுநாயக்காவில் நீ என் கையைப் பிடித்து என்ன சொல்லிவிட்டு பிளேன் ஏறினாய் என்பது எனக்கு மறக்கவில்லை.

பிள்ளையும் நீயும் இரண்டு உடலாகிச் சுகமாக இருக்க நல்லூர்க் கந்தன் துணை நிற்பான், றொபேட்டுக்கும் என் ஆசீர்வாதம். காலை உயர்த்தி வைத்துப் படு, உப்பைக் குறை. பேரப்பிள்ளைக்கு வேறு ஒன்றும் சொல்லிக்கொடுக்காவிட்டாலும், அன்று நீ சொன்ன போயிட்டு வாறன் என்பது ஊர்ப்பெயர் இல்லை என்று மட்டும் சொல்லிக்கொடு.

தன் கையாலேயே எழுதும்,
அப்பா
ஐயாத்துரை