ஓவசியர் போட்ட சிவப்புத் தரை

சிவமயம்

உருத்திரபுரம்,
கிளிநொச்சி.
மார்கழி, 1961

அன்புள்ள மகன் யோகநாதனுக்கு,

அம்மா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. பிள்ளையார் புண்ணியத்தில் நானும் உன் தங்கச்சி கமலாசனியும் மாடுகளும் நல்ல சுகம், வீட்டுத் தரைக்குத்தான் சுகமில்லை. இலண்டனில் குளிர் எலும்பைக் குடைகிறது என்று எழுதியிருந்தாய், வெளியே போகும்போது காதை நன்றாக மூடிக்கொண்டு போ. அம்மா சொல்வதற்குக் காதை மூடுவது உனக்குப் பழகின வேலைதானே. ஆவணியில் நீ எழுதிய கடிதத்தை நான் மறக்கவில்லை. தில்லைநாதன் ஓவசியர் அரசாங்க உத்தியோகத்தில் றோட்டும் பாலமும் போட்டு இளைப்பாறிய மனிதர், கமலாசனிக்கு மாமனாராக வரப்போகிறவர், அவளுக்குச் சீதனமாகக் கொடுக்கிற எங்கள் வீட்டுக்கு என்ன தரை போடுவது என்பதை அவரே பார்த்துக்கொள்ளட்டும், நீங்கள் வாயைக் கொடுத்துக் காரியத்தைக் கெடுக்காதேயுங்கள் என்று எழுதியிருந்தாய். அப்பா இல்லாத வீட்டில் மூத்த பிள்ளையின் சொல்லுக்கு மரியாதை கொடுக்க வேண்டும் என்று நானும் வாயைக் கட்டிக்கொண்டேன். கட்டின வாயால் என்ன விளைந்தது என்று இப்போது கேள்.

மனிதர் புரட்டாதி பிறந்ததும் யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு மேசனையும் கூட்டிக்கொண்டு வந்து இறங்கினார். ஒரு கையில் குடை, மற்றக் கையில் போத்தலில் தண்ணீர். வன்னித் தண்ணீர் குடித்தால் காய்ச்சல் வருமாம், அதனால் தன் கிணற்றுத் தண்ணீரைச் சுமந்து வந்தாராம். சம்பந்தி வீட்டில் ஒரு வாய் தேத்தண்ணீர் குடிக்காத மனிதர் என் பிள்ளையை எப்படி வைத்துப் பார்ப்பார் என்று அன்றைக்கே யோசித்தேன். கமலாசனி விடிய எழும்பி மெழுகி வைத்த சாணகத் தரையைச் செருப்புக் காலால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, இது மாட்டுக்கொட்டிலோ என்று கேட்டார். கலியாணத்துக்குப் படம் பிடிக்கும்போது முகம் தெரிகிற மாதிரிச் சிவப்புத் தரை வேண்டுமாம், அவருடைய இனசனத்தில் எல்லோருக்கும் அதுதானாம். நான் பணிவாகத்தான் சொன்னேன். இந்த மண் களிமண், கோடையில் கை நுழைகிற அளவுக்கு வெடிக்கும், மாரியில் குடித்துக் குடித்து ஊதும், அதனால் மேல்மண்ணை ஆழமாக எடுத்துவிட்டுக் கிறவல் சரளை போட்டு நீர் விட்டு இடித்து, தரையை முழங்கால் உயரத்துக்கு உயர்த்தி, ஒரு மாரி போக விட்டு அதற்குப் பிறகு சீமெந்து போட்டால்தான் நிற்கும், அதுவரைக்கும் சாணகம் போதும் என்றேன். அவர் மேசனைப் பார்த்துச் சிரித்தார். எங்கடை பக்கத்திலை ஒரு சாண் தோண்டினால் போதும், தரை நூறு வருசம் நிக்கும், இங்கை காட்டுக்குள்ளை இருக்கிறவைக்கு இது விளங்காது என்றார். அவருடைய பக்கத்தில் ஒரு சாண் தோண்டினால் சுண்ணாம்புக் கல் இருக்கிறது, தரை நிற்கும். இங்கே ஒரு ஆள் உயரம் தோண்டினாலும் களிதான். பாலம் கட்டின மனிதருக்குக் காலுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று குனிந்து பார்க்கத் தெரியவில்லை.

சொன்னபடியே ஒரு சாண் தோண்டி, நாலு கூடை மணலைத் தூவி, சீமெந்தும் சிவப்புத் தூளுமாகப் பூசி, காய்ந்த பிறகு மெழுகு தேய்க்கவைத்துவிட்டுப் போனார். பொய் சொல்லக்கூடாது, போட்ட புதிதில் பார்க்க வடிவாகத்தான் இருந்தது. அயல்சனம் எல்லாம் வந்து பார்த்தது. எங்கள் சிவப்புப் பேட்டுக்கோழி உள்ளே வந்து தன் முகத்தைத் தானே கொத்திக் கொத்திக் களைத்துப் போனது. அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. போகிற போக்கில் வளவைச் சுற்றி முழங்கால் உயரத்துக்கு வரம்பு ஒன்றும் கட்டுவித்தார். மழைத் தண்ணீர் வெளியே ஓடாமல் வளவுக்குள் நின்று கிணற்றுக்கு இறங்க வேண்டுமாம். தண்ணியின்ரை அருமை உங்களுக்குத் தெரியாது, நாங்கள் ஒரு சொட்டையும் வேலிக்கு அங்காலை விடமாட்டம் என்று எனக்குப் பாடம் சொன்னார். நானும் யாழ்ப்பாணத்தில் பிறந்தவள்தான் மகனே. அங்கே அப்படிக் கட்டுவது புத்தி, கல்லுக்குள்ளால் இறங்கிக் கிணறு இனிக்கும். இங்கே வேலிக்குப் பக்கத்தில் இரணைமடு வாய்க்கால் ஓடுகிறது, மாரியில் கிணற்றுத் தண்ணீரைக் குனிந்து கையால் அள்ளலாம். தண்ணீரை எப்படி வெளியே விடுவது என்பதுதான் இங்கே உள்ள கவலை. சட்டியை வைத்து அதற்குள் வீட்டை வைத்த கதையாக வேலையை முடித்துவிட்டு, மிச்சத் தண்ணீரையும் போத்தலோடு எடுத்துக்கொண்டு பஸ் ஏறினார். உன் கடிதத்தை நினைத்து நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

ஐப்பசி மழை தொடங்கியதும் தரை எழும்பத் தொடங்கியது. முதலில் சாமியறைக் கதவு திறக்க மறுத்தது, கதவு ஊதிவிட்டது என்று நினைத்தோம், பார்த்தால் ஊதியது தரை. பிறகு நடு அறையில் வயிற்றுப்பிள்ளைக்காரி மாதிரி மேடு தட்டி, சாமியறையிலிருந்து குசினி அடுப்பு வரைக்கும் ஒரே கோடாக வெடித்தது. வெடிப்புக்குள்ளால் தண்ணீர் கசிந்து, பாய் விரித்தால் பாய் நனைந்தது. ஓவசியருக்குச் சொல்லி அனுப்பினோம். கார்த்திகைக் கடைசியில் மகனையும் கூட்டிக்கொண்டு வந்தார். மாப்பிள்ளை வாத்தியார் என்று நீ பெருமையாக எழுதினாயே, அவரேதான். ஓவசியர் வெடிப்பைக் குடை நுனியால் குத்திப் பார்த்துவிட்டு, உன் தங்கச்சி தண்ணீரைக் கண்டபடி ஊற்றிக் கழுவித்தான் தரை பழுதானது, பொம்பிளைப் பிள்ளைக்குச் சீமெந்துத் தரை துடைக்கப் பழக்கவில்லையோ என்று கேட்டார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இவர் கூடத்தையும் தானே கோணலாக்கிவிட்டு ஆட்டக்காரியைக் குறை சொல்கிறார்.

அவர்கள் இங்கே நிற்கும்போதே வானம் பிளந்தது. பிள்ளையாருக்கே அந்த மனிதரைப் பொறுக்க முடியவில்லை போலும். வரம்புக்குள் மழை முழுவதும் நின்று, வாசற்படி தாண்டி விறாந்தைக்கு வந்துவிட்டது. நடு அறையில்தான் அடுத்த போகத்துக்கு விதைநெல் மூட்டைகள், மூட்டை அடுக்குகிற மரத்தட்டு வீட்டுக்கு அழகில்லை என்று அவர் கழற்றி எறியச் சொன்னதால் எல்லாம் வெறும் தரையில் இருந்தன. நான் தனியே இழுக்கிறேன், மூட்டை அசையவில்லை. கமலாசனி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மண்வெட்டியை எடுத்து வரம்பை வெட்டப் போனாள். ஓவசியர் ஓடிப்போய் வரம்பில் ஏறி நின்றுகொண்டார். நான் கட்டின வரம்பிலை ஒருத்தரும் கை வைக்கப்படாது என்று சத்தம். மாப்பிள்ளை என்ன செய்தார் என்று நினைக்கிறாய். மூட்டை தூக்கினாரா, மண்வெட்டியை வாங்கினாரா. தகப்பனுக்குப் பின்னால் நின்று குடை பிடித்தார். மாமா, கொஞ்சம் விலத்துங்கோ, வீட்டுக்குள்ளை நெல்லு நனையுது என்று கமலாசனி இரண்டு முறை மரியாதையாகத்தான் கேட்டாள். விலத்தவில்லை. அவருடைய காலுக்கு ஒரு முழம் தள்ளி வெட்டினாள். தண்ணீர் சீறிக்கொண்டு வாய்க்கால் பக்கம் பாய, கரை கரைந்து ஓவசியர் சேற்றில் குந்தினார். சிரிக்கக்கூடாது, சிரித்துவிட்டேன். விழுந்தும் மீசையில் மண் ஒட்டாத மனிதர் எழும்பி நின்று, பெரியவன் நிண்ட வரம்பை வெட்டினவள் என்ரை வீட்டுக்கு மருமகளாய் வரமாட்டாள் என்றார். மாப்பிள்ளை அன்றைக்கு வாய் திறந்து சொன்னது ஒன்றே ஒன்று. அப்பா, நனைஞ்சால் தடிமன் பிடிக்கும், வாங்கோ போவம்.

இப்போது தரகரிடம் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். கமலாசனி போய்க் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்க வேண்டுமாம், தைக்கு முன் தரை முழுவதையும் உடைத்து, கொழும்பில் போடுகிற மாதிரிக் கல் பதித்த தரை போட வேண்டுமாம், அதையும் அவரே நின்று போடுவிப்பாராம். நாள் வைத்த கலியாணம் குழம்பினால் ஊர் என்ன கதைக்கும் என்று எனக்குத் தெரியும். பயமாகத்தான் இருக்கிறது மகனே, குசினிக்குள் இருந்து அழுதும் பார்த்துவிட்டேன். பிறகுதான் கமலாசனியைக் கூப்பிட்டு உன் மனதில் என்ன என்று கேட்டேன். ஈர நெல்லைப் பாயில் பரப்பிக்கொண்டே சொன்னாள், தரை வெடிச்சால் உடைச்சுப்போட்டு வேறை போடலாம் அம்மா, குடை பிடிச்சுக்கொண்டு நிக்கிற மனிசனைக் கட்டினால் என்னத்தை உடைச்சு என்னத்தைப் போடுறது என்று. நானும் அவளுக்குப் பக்கத்தில் குந்தி நெல்லைப் பரப்பினேன். இதற்கு மறுமொழி உனக்கு வருகிறதா.

தரையை நாங்கள் பார்த்துக்கொள்வோம். சித்திரையில் மண் இறுகியதும் இந்தச் சிவப்பு அழகை உடைத்து ஒழுங்கைப் பாதையில் இருக்கிற பள்ளத்துக்குக் கொட்டுவோம், அதற்காவது உதவட்டும். களியை எடுத்துக் கிறவல் இடித்து உயர்த்தி, கூரை இறப்பை வெளியே இழுத்து, வீட்டைச் சுற்றித் தண்ணீர் ஓடக் கான் வெட்டி, அடுத்த மாரி முழுவதும் அப்படியே விட்டுப் பார்ப்போம். அசையாமல் நின்றால் சொரசொரப்பான வெறும் சீமெந்து, சுவரோரம் ஒரு சாண் ஏற்றிப் பூசினால் சுவரும் ஈரம் குடிக்காது. முகம் பார்க்கக் கண்ணாடி இருக்கிறது. நெல்லில் பாதி முளைத்துவிட்டது, மற்றப் பாதி தப்பும். நீயும் வாடகை அறையில் ஈரச் சப்பாத்தைக் காலிலிருந்து கழற்றிப் பலகைத் தரையில் வைக்காதே, பலகை உக்கினால் வீட்டுக்காரி உன்னைத்தான் பிடிப்பாள்.

சம்மதம் என்று அந்த வீட்டுக்குச் சொல் கொடுத்தது நீ. திருப்பி எடுக்க வேண்டியதும் நீதான், நான் பொம்பிளை சொன்னால் ஓவசியருக்குக் கேட்காது. மாமா மன்னிக்க வேண்டும், ஆனால் என்றெல்லாம் இழுக்காமல் நாலு வரியில் எழுது. உனக்குக் கடவுள் நல்ல தேகசுகமும் படிப்பில் சித்தியும் தரட்டும். சனிக்கிழமையில் எண்ணெய் வைத்து முழுகு, அங்கே நல்லெண்ணெய் கிடைக்காவிட்டால் அனுப்புகிறேன். இன்னொன்று. இந்தக் கலியாணம் பேசிய நாளிலிருந்து நீ அனுப்பிய கடிதங்களில் கூரைக்கு என்ன ஓடு என்று கேட்டாய், கதவுக்கு என்ன மரம் என்று கேட்டாய், தரைக்கு என்ன நிறம் என்று இரண்டு தரம் கேட்டாய். மாப்பிள்ளையைப் பிடித்திருக்கிறதா என்று உன் தங்கச்சியை ஒரு வரி கேட்கவில்லை. ஆகையால் இந்த முறை எனக்கு எழுத வேண்டாம். ஓவசியருக்கு ஒன்று, கமலாசனிக்கு ஒன்று. அவளுடையதை முதலில் எழுது.

இப்படிக்கு,
உன்னை எந்நேரமும் நினைக்கும் அம்மா,
அன்னபாக்கியம்