முளைக்காத வெந்தயம்

14-9-91

அன்புள்ள மகன் கோபாலுக்கு அம்மா ஆசீர்வாதத்தோடு எழுதுவது. வேலைக்குப் போன பிலாய் ஊரில் வேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள்கிறாயா? இங்கே எல்லாரும் சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், கை வரமாட்டேன் என்கிறது. உன் தங்கை வேதா அறிவியல் கண்காட்சிக்கு என்ன செய்தாள் தெரியுமா, மற்ற பிள்ளைகள் எரிமலை, காற்றாலை என்று அட்டையை வெட்டிக்கொண்டிருக்க, இவள் கொட்டாங்குச்சிகளில் மணலைப் போட்டு வெந்தயம் விதைத்து, ஒன்றுக்கு ஏரித் தண்ணீர், ஒன்றுக்குப் பள்ளிக்கூடத்துப் பம்புத் தண்ணீர், ஒன்றுக்கு நம் கிணற்றுத் தண்ணீர் என்று ஊற்றி வந்தாள். மற்றதெல்லாம் பச்சைப்பசேல் என்று முளைத்தது, நம்முடையது மட்டும் கறுத்து அழுகிவிட்டது. மறுபடி விதைத்தாள், அதே கதைதான். கொல்லைக்குப் பின்னால் புதுசாக வந்த கம்பெனி கழிவுத் தண்ணீரைப் பள்ளத்தில் விடுகிறதே, அதுதான் கிணற்றில் இறங்குகிறது என்கிறாள். உன் அப்பாவுக்கோ ரோஷம். நான் வெட்டுன கெணத்தப் பாத்து ஊர் சிரிக்கணுமா என்று, கண்காட்சி அன்று காலையில் கொட்டாங்குச்சிகளில் அவள் எழுதி ஒட்டியிருந்த சீட்டுகளை மாற்றி ஒட்டிவிட்டார். அழுகினது பம்புத் தண்ணீர், பச்சையாக நிற்பது நம் கிணறு என்றாகிவிட்டது. அவள் வாயைத் திறக்குமுன் முதல் பரிசும் கொடுத்துவிட்டார்கள்.

அதோடு போயிருந்தால் தேவலை. ஹெட்மாஸ்டர் பயந்துபோய்ப் பம்பைச் சங்கிலி போட்டுக் கட்டிவிட்டார், பிள்ளைகள் குடிக்க நம் கிணற்றிலிருந்துதான் குடம் குடமாகப் போகிறது. வேதா அவரிடம் போய் நிஜத்தைச் சொன்னதற்கு, பரிசு வாங்கினவ பேசற பேச்சா இது என்று சிரித்தாராம். உன் அப்பா கிணற்றடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார், பெரிய துரை. மரகதத்துக்கு ஏழாம் மாசம் நடக்கிறது, உன் பெண்டாட்டிக்காவது இருக்கட்டும் என்று ஏரித் தண்ணீர் கொண்டுவந்து வைத்தேன், குடத்தைக் கவிழ்த்துவிட்டார். குன்றத்தூரில் அவள் அம்மா வீட்டுக்கு அனுப்பலாம் என்றால், நம்ம வூட்டுத் தண்ணிக்கு இன்னா கொறச்சல்னு ஊர் கேக்காதா என்கிறார். தண்ணீர் குடித்தாலே குமட்டுகிறது அத்தை என்று நேற்று அந்தப் பெண் சொன்னாள். எனக்குப் பயமாக இருக்கிறது கோபால். நீ சொன்னால்தான் அவர் கேட்பார். கடிதம் போட்டுக்கொண்டிருக்காதே, லீவு சொல்லிவிட்டுக் கிளம்பி வா. வல்லக்கோட்டை முருகன் உன்னோடு துணைக்கு வரட்டும்.

இப்படிக்கு
உன் அம்மா அலமு

இதை ஒட்டப் போகும்போது ஒரு சேதி. வேதா அரிவாளால் கிணற்றுக் கயிற்றை அறுத்துவிட்டாள், வாளி உள்ளே போய்விட்டது. அப்பா உடனே புதுக் கயிறு வாங்க வாலாஜாபாத் பஸ் ஏறிவிட்டார். அவர் திரும்புவதற்குள் மரகதத்தை நான் குன்றத்தூருக்குக் கூட்டிப் போகிறேன். வேதாவையும் கூப்பிட்டுப் பார்த்துவிட்டேன். கிணற்றடியில் அவர் நாற்காலியில் அரிவாளோடு உட்கார்ந்துகொண்டு, பள்ளிக்கூடத்துக் கொடம் வந்தா யாரு தடுக்கறது, நான் வரல, நீங்க போங்க என்கிறாள்.