அடியில் சீரகம் இல்லாத கூஜா

அன்புள்ள மகளுக்கு,

ஐப்பசியில் நாம் ராமேஸ்வரம் போன அன்று வேனில் இருந்தவர்கள் நீ, உன் வீட்டுக்காரர் கிரிதரன், குழந்தை ஸ்ரீவர்ஷினி, வேன் ஓட்டிய மொக்கராசு, நான். ஐந்தே பேர். வேறு யாரும் என் கூஜாவைத் தொட்டிருக்க முடியாது.

மழைக்காலத்தில் வெளியூர்த் தண்ணீர் குழந்தைக்கு ஆகாது என்றுதான் சீரகம் போட்டுக் கொதிக்க வைத்து, ஆற்றி, வடிகட்டாமல் எடுத்து வந்தேன். திரும்பி வந்து கழுவும்போது அடியில் ஒரு சீரகம்கூட இல்லை. அன்றிலிருந்தே சந்தேகம். உன்னையும் சந்தேகப்பட்டேன். குழந்தைக்கு டைபாய்டு வந்து, என் தண்ணீரால்தான் என்று நீ சொன்னபோது என்னிடம் சாட்சி இல்லை.

நேற்று மொக்கராசை மார்க்கெட்டில் மடக்கிக் கேட்டேன்.

"பரமக்குடியில டீக்கு நிறுத்துனோம்ல, நீங்க ரெண்டு பேரும் பாப்பாவ ஒதுக்குப்புறமா கூட்டிட்டுப் போனீங்க. அப்பத்தான் ஒங்க மாப்ள, தண்ணி மஞ்சளாக் கெடக்கு, கெட்டுப்போச்சுன்னு கீழ ஊத்திட்டு, கடைத் தொட்டியில பிடிச்சாரு. நம்ம ஊரு சாயப்பட்டறைத் தண்ணி கலந்திருச்சோன்னு நானும் பேசாம இருந்துட்டேன் ஆச்சி" என்றான்.

தெரியாமல் கொட்டியதை விட்டுவிடுகிறேன். ஆனால் ஆஸ்பத்திரியில் நீ, "இனிமே பாப்பாவ ஒங்க வீட்டுக்கு அனுப்ப மாட்டேன்" என்று சொன்னாயே, அப்போது பக்கத்தில் நின்று ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தவர் வாயே திறக்கவில்லை. மூன்று மாதமாகப் பேத்தி முகத்தை நான் பார்க்கவில்லை.

குழந்தையை அனுப்பி வை. மொக்கராசை மன்னித்துவிட்டேன், உன்னையும்தான். கிரிதரனை மன்னிக்க மாட்டேன்.

இப்படிக்கு,
உன் அம்மா