பாட்டுதான் காரணம்

மகளே,

நீ பயிற்சி கொடுக்கும் கூடைப்பந்து அணி ஏன் தொடக்கத்திலேயே சொதப்புகிறது என்று முன்பே எழுதினேன். ஆட்டத்துக்கு முன் போடும் பாட்டு முடிவதற்குள் பிள்ளைகளுக்கு உடம்பு ஆறிப்போகிறது. நீ எங்கே கேட்டாய்?

உன் அம்மா வேறு கதை சொல்கிறாள். "அவ பேங்க் வேலைய விட்டுட்டு கோச்சா போயிட்டாளேன்னு வீம்புக்கு லேட்டா போறீங்க. நீங்க வர்ற வரைக்கும் அவ கண்ணு வாசல்லயே இருக்கு. அப்புறம் ஆட்டத்த யாரு பாக்குறது?"

சுத்தப் பேத்தல்.

நேற்று வழக்கமான பேருந்துக்கு முந்தைய பேருந்தே கிடைத்துவிட்டதால் தொடக்கத்திலேயே வந்து உட்கார்ந்திருந்தேன். முதல் கால் பகுதியிலேயே பத்துப் புள்ளி முன்னிலை! கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டது. நேற்றும் அதே பாட்டைத்தான் போட்டார்கள். அது வேறு விஷயம்.

அடுத்த ஆட்டத்துக்கும் அதே பேருந்தில்தான் வருவேன். அதில் கூட்டம் இல்லை.

இன்னும் கோபம் தீராத,
உன் அப்பா